பன்னிரண்டாம் கேள்வி

கோதுமை சாப்பிட்டால்
உடம்புக்கு ஏதாவது செய்கிறதா?
ஆம், இல்லை, தெரியாது.
மூன்று கட்டம். ஒன்றில் டிக் போட வேண்டும்.

முத்தியால்பேட்டையில்
கலியபெருமாள் சிரித்தார்.
"செய்யாம என்ன,
மில்லை மூடுனதிலேர்ந்து செய்யுது."
அந்த வருசம்தான் சர்க்கரையும் வந்து
ராத்திரிச் சோறு போய்
சப்பாத்தி வந்ததாம்.
இரண்டில் எது வயிற்றைப் பொருமவைக்கிறது என்று
அவருக்கே நிச்சயமில்லை.
ஆம் என்று போட்டேன்.
அடுத்த தெரு வரைக்கும்
அந்த டிக் உறுத்தியது.

வைத்திக்குப்பத்தில் ஒருத்தி:
"ரவா உப்புமான்னா எனக்கு ஆவவே ஆவாது."
சொல்லிக்கொண்டே கேசரி கிளறினாள்.
கேசரி ஒன்றும் செய்யாதாம்.
எனக்கும் ஒரு தட்டு வந்தது.
விதிப்படி வாங்கக் கூடாது. வாங்கினேன்.

அமலோற்பவம் டீச்சர் வீட்டில் மட்டும்
ஃபைல் தயாராக இருந்தது.
ரத்தம் பார்த்தாயிற்று.
வாய் வழியே குழாய் விட்டு
குடலில் ஒரு துணுக்கு கிள்ளியும் பார்த்தாயிற்று.
சீலியாக் இல்லை.
"இல்லைன்னா இல்லைதான். ஆனா
ஒரு துண்டு ரொட்டி தின்னா
மறுநாள் பசங்க பேரு மறந்துபோவுது.
சாக்பீஸைக் கையிலேயே வச்சிக்கிட்டு
சாக்பீஸைத் தேடறேன்."
எட்டு மாதமாக வீட்டில் கோதுமை கிடையாது.
ஞாயிற்றுக்கிழமை நாக்கில் வாங்கும் அப்பம்?
"அது மாவு இல்லம்மா" என்றாள்,
நான் கேட்டதே தப்பு என்பதுபோல.

உள்ளே சாம்பார் கொதித்தது.
அலமாரியில் கூட்டுப் பெருங்காய டப்பா,
முதுகை என் பக்கம் காட்டிக்கொண்டு.
பொடி எழுத்தில் மூன்றாவது வார்த்தை, மைதா.
கேட்கத்தான் வேண்டும், சொல்லிக்கொடுக்கக் கூடாது,
பயிற்சி வகுப்பில் முதல் நாள் எழுதிப்போட்டது.
தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு
செருப்பை மாட்டிக்கொண்டேன்.

முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
ஆம் என்றவர்கள் நாற்பத்தொரு பேர்.
மேலே இருப்பவர் போனில் குதித்தார்:
"நூத்துக்குப் பதிமூணா! இவ்வளவா!"

அப்புறம் மழையோடு மழையாய் இரண்டாம் சுற்று.
நெல்லித்தோப்பு பேக்கரியில் பெலிக்ஸ் சுட்ட
இரண்டு வகை ரொட்டி. ஒரே நிறம், ஒரே கனம்.
ஒன்றில் கோதுமை உண்டு, ஒன்றில் இல்லை.
பச்சை நூல், ஊதா நூல்.
எந்த நூல் எது என்று
தின்பவருக்கும் தெரியாது,
சைக்கிளில் கொண்டுபோகிற எனக்கும் தெரியாது.
பெலிக்ஸுக்குத் தெரியும். கேட்டால்
பீடியோடு வானத்தைப் பார்ப்பார்.

பாதிப் பேர் நடுவிலேயே விட்டார்கள்.
கலியபெருமாளை எந்த நூலும் ஒன்றும் செய்யவில்லை.
"ருசியா இருக்கு, இன்னும் வச்சிருக்கியா?"
கடைசிவரை தின்ற பத்தொன்பது பேரில்
கோதுமைக்கு மட்டும் வயிறு பேசியது
நான்கு பேருக்கு.
ஏழு பேருக்கு, கோதுமை இல்லாத ஊதாவுக்கு.

டீச்சர் அந்த ஏழில் ஒருத்தி.
கோதுமையே படாத ரொட்டியைத் தின்று
மூன்று நாள் படுத்திருந்தாள்.
முழங்கை மடிப்பில் தடிப்பு.
தொட்டுப் பார்த்தேன், சூடாகத்தான் இருந்தது.
அந்தச் சூட்டுக்கு
படிவத்தில் இடம் தேடினேன்,
பக்கத்தைத் திருப்பியும் தேடினேன்.

"நாலு பேர், அவ்வளவுதானா"
என்றார் மேலே இருப்பவர்.

வேலை முடிந்த இரவு
பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இரண்டு பரோட்டா, சால்னா.
வில்லியனூர் பஸ் கிளம்புவதற்குள்
ஏதோ செய்தது
விலாவுக்குக் கீழே, இடப்பக்கம்.
பரோட்டாவா, மழைத் தண்ணீரா,
சொல்லாமல் விட்டு வந்த டப்பாவா.
பையில் ஒரு படிவம் மிச்சம்.
குலுக்கலில் என் பெயர், வயது, தெரு
எல்லாம் எழுதி
பன்னிரண்டு வரை வந்து
பேனாவை மூடிவிட்டேன்.